ஆபத்துக்கு என்ன விலை?

பல்கலைக்கழகத்தில் கணிதம் படிக்கும் மாணவர்கள் சிலர் இப்போதெல்லாம் 'குவாண்ட்' ஆக விரும்புகிறார்கள். அண்மையில் உயர்நிலை நான்கில் படிக்கும் ஒரு மாணவர்கூட என்னிடம் அதைப் பற்றி விசாரித்தார். அதில் சம்பளம் அதிகம் என்று அவர் கேள்விப்பட்டிருந்தார். என்ன வேலை என்று மட்டும் அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

நான் இன்று பாடத்திட்ட அதிகாரி. தமிழ்ப் பாடநூல்களோடுதான் என் பொழுது போகிறது. ஆனால், 2006 முதல் 2009 வரை மூன்று ஆண்டுகள் ராஃபிள்ஸ் பிளேசில் இருந்த ஒரு வெளிநாட்டு வங்கியின் வணிகப் பிரிவில் வேலை பார்த்தேன். டெரிவேட்டிவ்ஸ் எனப்படும் ஒப்பந்தங்களுக்கு விலை கணக்கிடுவது எங்கள் பிரிவின் வேலை. கணிதத்தைக் கொண்டு அந்த விலையைக் கணக்கிடுபவரைத்தான் குவாண்ட் என்பார்கள்.

அந்த ஒப்பந்தங்களைப் புரிந்துகொள்ள வங்கிக்குப் போகத் தேவையில்லை. உங்கள் பெற்றோர் வீவக மறுவிற்பனை வீடு வாங்கியிருந்தால், அவர்களும் அப்படி ஒன்றில் கையெழுத்திட்டிருப்பார்கள். வீடு பிடித்துவிட்டது, விலையும் பேசியாகிவிட்டது. வாங்குபவர் ஒரு சிறு தொகையைக் கட்டணமாகக் கொடுக்கிறார். அது 1,000 வெள்ளிக்கு மேல் போகக்கூடாது. அதைப் பெற்றுக்கொண்ட உரிமையாளர், 21 நாள்களுக்கு அந்த வீட்டை வேறு யாருக்கும் விற்கமுடியாது. வாங்குபவரோ மனம் மாறினால் விலகிக்கொள்ளலாம். கொடுத்த கட்டணம் மட்டும் போய்விடும். அவர் அந்த ஆயிரம் வெள்ளிக்கு வாங்கியது வீட்டை அன்று. பேசிய விலையில் வீட்டை வாங்கும் உரிமையைத்தான் வாங்கியிருக்கிறார். பங்கு, எண்ணெய், நாணயம், வட்டி விகிதம் என எதன்மீதும் இத்தகைய உரிமையை வாங்கலாம், விற்கலாம். அந்த உரிமைக்கு என்ன விலை வைப்பது என்பதுதான் கேள்வி.

என் நேர்முகத் தேர்வில் நிதியைப் பற்றி எதுவுமே கேட்கவில்லை. முதலில் மனக்கணக்கு. பிறகு மேசையின்மேல் ஒரு பகடையை வைத்தார் பிரிவின் தலைவர். அவர் பிரெஞ்சுக்காரர்.

"இதை ஒருமுறை உருட்டலாம். விழும் எண் எதுவோ, அத்தனை வெள்ளி உங்களுக்கு. இந்த ஆட்டத்தில் சேர நீங்கள் எவ்வளவு கொடுப்பீர்கள்?"

ஒன்று முதல் ஆறு வரை கூட்டி ஆறால் வகுத்தால் மூன்றரை. அதைச் சொன்னேன்.

"சரி, விழுந்த எண் பிடிக்கவில்லையென்றால் இன்னொரு முறை உருட்டலாம். ஆனால், இரண்டாவது எண்ணை ஏற்றுத்தான் ஆகவேண்டும். இப்போது?"

சற்று யோசித்தேன். மீண்டும் உருட்டினால் சராசரியாகக் கிடைப்பது மூன்றரை. ஆகவே, நான்கோ ஐந்தோ ஆறோ விழுந்தால் நிறுத்திக்கொள்ள வேண்டும். ஒன்று, இரண்டு, மூன்று விழுந்தால் மீண்டும் உருட்ட வேண்டும். பாதி நேரம் சராசரியாக ஐந்து வெள்ளி, பாதி நேரம் மூன்றரை வெள்ளி. மொத்தத்தில் 4 வெள்ளி 25 காசு.

"அப்படியானால், மீண்டும் உருட்டும் உரிமையின் விலை 75 காசு. நாங்கள் இங்கே நாள் முழுவதும் செய்வது இதைத்தான்," என்றார் அவர். அது சற்று மிகையான பேச்சு என்று பின்னர் தெரிந்தது. பகடைக்கு ஆறு முகம்தான் உண்டு என்று நமக்கு உறுதியாகத் தெரியும். சந்தைக்கு எத்தனை முகம் என்று யாருக்கும் தெரியாது.

வேலை கிடைத்த செய்தியைச் சொன்னபோது, அப்பா மகிழ்ச்சியோடு கேட்டுக்கொண்டார். சம்பளத்தைச் சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது. துறைமுகத்தில் முப்பது ஆண்டுகள் பாரந்தூக்கி ஓட்டியவர் அவர். அவருடைய கடைசி மாதச் சம்பளத்தைவிட என் முதல் மாதச் சம்பளம் அதிகம்.

"இவ்வளவு காசு எதுக்கும்மா குடுக்கறாங்க? விலை ஏறுமா இறங்குமான்னு சொல்றதுக்கா? அது சூதாட்டம் இல்லையா?"

அவர் அப்படிக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. என் பெரியப்பா நாலு நம்பரிலும் குதிரைப் பந்தயத்திலும் வீட்டையே இழந்தவர். பெரியம்மாவும் பிள்ளைகளும் எங்கள் மூவறை வீட்டில் இரண்டு ஆண்டுகள் தங்கியிருந்தார்கள். அதனால், எங்கள் வீட்டில் பொழுதுபோக்குக்குக்கூடச் சீட்டுக்கட்டைத் தொடக்கூடாது.

நான் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டினேன். நாலு நம்பரில் 0000 முதல் 9999 வரை பத்தாயிரம் எண்கள். ஒரு குலுக்கலில் 23 எண்களுக்குப் பரிசு. பெரிய பந்தயத்தில் ஒரு வெள்ளி வைத்தால் முதல் பரிசு 2,000 வெள்ளி, அடுத்தது 1,000, மூன்றாவது 490, பிறகு பத்து எண்களுக்குத் தலா 250, இன்னும் பத்து எண்களுக்குத் தலா 60. எல்லாவற்றையும் கூட்டினால் 6,590. அதாவது, பத்தாயிரம் எண்களிலும் ஒவ்வொரு வெள்ளி வைப்பவருக்குப் பத்தாயிரம் வெள்ளி செலவு, 6,590 வெள்ளி வரவு. வைக்கும் ஒவ்வொரு வெள்ளியிலும் சராசரியாக 34 காசு போய்விடுகிறது.

"இது சூதாட்டம்பா. நாங்கள் செய்வது வேறு," என்றேன்.

"எப்படி வேற?"

அதற்கு நான் சொன்ன பதில் பாடநூலில் படித்தது. நாலு நம்பர் வாங்காதவருக்கு அந்த ஆபத்தே கிடையாது. பணம் கட்டி ஆபத்தைப் புதிதாக உண்டாக்கிக்கொள்கிறார். ஆனால், விமான நிறுவனத்துக்கு எரிபொருள் விலை ஏறும் ஆபத்து ஏற்கெனவே இருக்கிறது. விவசாயிக்கு விளைபொருள் விலை விழும் ஆபத்து இருக்கிறது. அந்த ஆபத்தை ஒருவரிடமிருந்து வாங்கி, அதைத் தாங்கக்கூடிய இன்னொருவரிடம் ஒப்படைப்பதுதான் எங்கள் வேலை என்றேன். அப்பா தலையை ஆட்டினார். ஒப்புக்கொண்டதற்கான தலையாட்டல் இல்லை அது.

வேலைநாள் காலை ஏழு மணிக்குத் தொடங்கும். தோக்கியோ பங்குச் சந்தை அங்கே 9 மணிக்குத் திறக்கும்போது, சிங்கப்பூரில் மணி 8. அதற்குள் முந்தைய இரவு நியூயார்க்கில் நடந்ததைப் படித்து, நாங்கள் விற்று வைத்திருக்கும் ஒப்பந்தங்களின் மதிப்பு எவ்வளவு மாறியிருக்கிறது என்று கணக்கெடுக்க வேண்டும். முதல் ஆறு மாதங்களுக்கு என் கை வணிகப் பொத்தானைத் தொடவே இல்லை. கணக்குத்தாள் சரிபார்த்தேன். தவறான நாள்குறிப்பு, விடுபட்ட தசமப் புள்ளி, விடுமுறை நாளைக் கணக்கில் எடுக்காத வட்டி ஆகியவற்றைத் தேடித் தேடிக் கண்கள் எரியும். திரைப்படங்களில் காட்டுவதுபோல யாரும் தொலைபேசியில் கத்தவில்லை. அறையில் விசைப்பலகைச் சத்தம்தான் கேட்கும்.

கத்திய காலமும் ஒன்று இருந்தது. எங்கள் அலுவலகத்தில் இருந்த ஒரு மூத்த சீன அதிகாரி, சைமெக்ஸ் எனப்பட்ட சந்தையில் வணிகராக நின்றவர். 1984இல் தொடங்கப்பட்ட அச்சந்தையில், வண்ண வண்ணச் சட்டை அணிந்த நூற்றுக்கணக்கானோர் கூடி நின்று கூவியும் கை காட்டியும் வணிகம் செய்தார்கள். உள்ளங்கை தம்மை நோக்கி இருந்தால் வாங்குகிறார். வெளியே காட்டினால் விற்கிறார். ஜப்பானின் நிக்கேய் 225 குறியீட்டை வைத்து முன்பேர வணிகம் முதன்முதலில் தொடங்கியது ஜப்பானில் அன்று. 1986இல் இங்கே, சிங்கப்பூரில்தான். ஒசாக்காவில் அது 1988இல்தான் வந்தது. அந்த அதிகாரி இதைச் சொல்லும்போதெல்லாம் நெஞ்சை நிமிர்த்திக்கொள்வார்.

அவருக்குத் தெரிந்த இன்னொரு கதையைச் சொல்லும்போது குரல் தாழ்ந்துவிடும். அது பேரிங்ஸ் வங்கியின் கதை. 1762இல் லண்டனில் தொடங்கப்பட்ட அந்த வங்கியின் சிங்கப்பூர்க் கிளையில் நிக் லீசன் என்ற இளைஞர் இருந்தார். வணிகம் செய்வதும் அவர்தான், அந்த வணிகத்தின் கணக்கைச் சரிபார்க்கும் பிரிவுக்குப் பொறுப்பும் அவர்தான். நட்டம் வந்தபோதெல்லாம் அதை 88888 என்ற எண் கொண்ட கணக்கில் மறைத்து வைத்தார். இழந்ததை மீட்க, பந்தயத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனார். 1995 ஜனவரி 17ஆம் நாள் கோபே நகரில் நிலநடுக்கம் ஏற்பட்டது. ஜப்பானியப் பங்குகள் சரிந்தன. பிப்ரவரி இறுதியில் வங்கி கவிழ்ந்தது. இழப்பு 827 மில்லியன் பவுண்டு. 233 ஆண்டுப் பழமையான வங்கியை ஒரு டச்சு நிறுவனம் ஒரே ஒரு பவுண்டுக்கு வாங்கியது. லீசனுக்குச் சிங்கப்பூர் நீதிமன்றம் ஆறரை ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. அப்போது அவருக்கு வயது 28.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு வயது 24. அந்தக் கதை எங்களுக்குப் பாடமாகவே நடத்தப்பட்டது. வணிகம் செய்பவர் ஒரு மாடி, கணக்குப் பார்ப்பவர் வேறொரு மாடி, ஆபத்தை அளப்பவர் இன்னொரு மாடி. மின்தூக்கியில் சந்தித்தால் வானிலையைப் பற்றி மட்டுமே பேசிக்கொள்ளலாம் என்று வேடிக்கையாகச் சொல்வார்கள்.

மதிய உணவு நேரத்தில் நான் சில சமயம் மார்க்கெட் ஸ்திரீட் பக்கம் நடந்து போவேன். இன்று அங்கே கண்ணாடிக் கட்டடங்கள்தாம். ஒரு காலத்தில் அங்கே செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்தன. ஒவ்வொருவருக்கும் ஒரு சிறு மேசை, ஒரு பெட்டகம், தரையில் ஒரு பாய். சீன வணிகருக்கும் மலாய்த் தோட்டக்காரருக்கும் அங்கிருந்து கடன் போனது. அவர்கள் சிறுவயதில் எண்சுவடி மனப்பாடம் செய்தவர்கள். இருபதில் ஒரு பங்குக்கு மா, எண்பதில் ஒரு பங்குக்குக் காணி, முந்நூற்று இருபதில் ஒரு பங்குக்கு முந்திரி என்று பின்னங்களுக்கெல்லாம் பெயர் வைத்த மொழி நம்முடையது. நாற்காலியில் சாய்ந்து கணினித் திரையில் நான்காம் தசமத்தைத் தேடிய எனக்கு, பாயில் அமர்ந்து முந்திரிக் கணக்குப் பார்த்தவர்களை நினைத்தால் பொறாமையாகக்கூட இருந்தது.

எங்கள் கணக்குகளுக்கெல்லாம் தாய், 1973இல் ஃபிஷர் பிளாக், மைரன் ஷோல்ஸ் இருவரும் வெளியிட்ட ஒரு சூத்திரம். ராபர்ட் மெர்ட்டன் அதை மேலும் வளர்த்தார். உரிமை ஒப்பந்தத்தின் விலையை அறிய அதற்கு ஐந்து எண்கள் வேண்டும்: பொருளின் இன்றைய விலை, ஒப்பந்தத்தில் பேசிய விலை, மீதமுள்ள காலம், வட்டி விகிதம், பொருளின் விலை எவ்வளவு ஆடுகிறது என்ற அளவு. முதல் நான்கையும் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். ஐந்தாவது, இனிமேல் வரப்போகும் ஆட்டம். அதைப் பார்க்க வழியில்லை, மதிப்பிடத்தான் முடியும். வங்கிகள் குவாண்டுகளுக்குச் சம்பளம் கொடுப்பது பெரும்பாலும் அந்த ஐந்தாவது எண்ணுக்காகத்தான் என்பேன்.

அந்தச் சூத்திரம், விலை மாற்றங்கள் மணிவடிவ வளைவுக்குள் அடங்கி நடக்கும் என்று எடுத்துக்கொள்கிறது. சந்தை பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது. ஆனால், 1987 அக்டோபர் 19ஆம் நாள் அமெரிக்காவின் டௌ ஜோன்ஸ் குறியீடு ஒரே நாளில் 22.6 விழுக்காடு விழுந்தது. அந்த வளைவின்படி, அப்படியொரு நாள் உலகம் தோன்றியதிலிருந்து ஒருமுறைகூட வந்திருக்கக்கூடாது. ஷோல்சும் மெர்ட்டனும் 1997இல் நோபெல் பரிசு பெற்றார்கள்; பிளாக் அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே காலமாகிவிட்டார். பரிசு பெற்ற இருவரும் பங்குதாரராக இருந்த ஒரு முதலீட்டு நிறுவனம் மறு ஆண்டே, சில மாதங்களுக்குள், நான்கு பில்லியன் டாலருக்கும் மேல் இழந்தது. சூத்திரம் எழுதியவர்களையே சந்தை விட்டுவைக்கவில்லை.

அரிதான நிகழ்வுகளைத் தனியாக ஆராயும் கணிதமும் இருக்கிறது. சென்னையில் பிறந்த எஸ். ஆர். சீனிவாச வரதன் அத்துறையின் முன்னோடி. 2007இல் அவருக்குக் கணிதத்தின் உயரிய விருதுகளுள் ஒன்றான ஏபெல் பரிசு கிடைத்தது. அன்று பிரெஞ்சுக்காரர் என் மேசைக்கு வந்து, "உங்கள் ஊர்க்காரராமே?" என்று கேட்டார். நான் பிறந்தது தோ பாயோவில். இருந்தாலும், 'ஆம்' என்று சொல்லிவிட்டேன்.

அப்பாவின் கேள்விக்கு ஓரளவு நல்ல பதில் மலேசியாவிலிருந்து கிடைத்தது. அம்மாவின் தம்பி, பேராக் மாநிலத்தில் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் கணக்கராக இருந்தார். பள்ளி விடுமுறைக்கு அங்கே போனால் காற்றிலேயே எண்ணெய் வாடை இருக்கும். செம்பனை எண்ணெய்க்குக் கோலாலம்பூரில் 1980 முதல் முன்பேரச் சந்தை இருக்கிறது. ஓர் ஒப்பந்தம் என்றால் 25 டன். மூன்று மாதம் கழித்து அனுப்பப்போகும் எண்ணெய்க்கு இன்றே விலை பேசி உறுதி செய்துகொள்ளலாம். 2008 மார்ச்சில் ஒரு டன் 4,000 ரிங்கிட்டைத் தாண்டியது. அந்த உச்சத்தில், மாமா வேலை பார்த்த ஆலை, வரும் மாதங்களின் உற்பத்தியில் ஒரு பகுதிக்கு விலையை உறுதி செய்துகொண்டது. "இன்னும் ஏறுமே, ஏன் இப்பவே விக்கறாங்க?" என்று ஆலையில் எல்லாரும் குறைபட்டுக்கொண்டார்களாம். அந்த ஆண்டின் இறுதியில் விலை 1,500 ரிங்கிட்டை ஒட்டி விழுந்துகிடந்தது. அவ்வட்டாரத்தில் சில ஆலைகள் கூடுதல் நேர வேலையை நிறுத்தின. மாமாவின் ஆலை நிறுத்தவில்லை.

இதை அப்பாவிடம் சொன்னேன். வெகுநேரம் யோசித்துவிட்டு, "சரிதான்," என்றார். பிறகு, "அந்த ஆலைக்கு விலை குறையற பயம் போயிடுச்சு. அந்தப் பயத்தை வாங்கிக்கிட்டவன் யாரு? அவனுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டார்.

2008 செப்டம்பர் 15, திங்கட்கிழமை. அமெரிக்காவின் லேமன் பிரதர்ஸ் நிறுவனம் நொடித்துப்போனதாக அறிவித்தது. எங்கள் திரைகளில் எண்கள் சிவப்பாக மாறியதைவிட, சில இடங்களில் எண்ணே இல்லாமல் போனதுதான் எனக்கு நினைவிருக்கிறது. விலை சொல்ல ஆள் இல்லை. ஐந்தாவது எண்ணைக் கணக்கிடும் எங்கள் நிரல், பிழைச் செய்தியை மட்டும் திரும்பத் திரும்பக் காட்டிக்கொண்டிருந்தது.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. பக்கத்து புளோக்கில் இருக்கும் மாமா வந்தார். அவரும் அப்பாவோடு துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கையில் ஒரு பழுப்பு உறை. அதில் தடிமனான ஆங்கில ஆவணம் ஒன்று.

"நீ இந்த வேலைதானம்மா பாக்குற? இதுல என்ன எழுதியிருக்குன்னு கொஞ்சம் சொல்லு."

அவர் 50,000 வெள்ளி கொடுத்து ஒரு பத்திரம் வாங்கியிருந்தார். ஐந்தரை ஆண்டுகள், ஆண்டுக்கு ஐந்து விழுக்காடு வட்டி. நிரந்தர வைப்புத்தொகையைவிட அதிகம் கிடைக்கும், அதுபோலவே பாதுகாப்பானது என்று விற்றவர் சொல்லியிருக்கிறார். முதல் பக்கத்தில் புகழ்பெற்ற வங்கிகளின் பெயர்கள் இருந்தன. அவற்றைப் பார்த்துத்தான் மாமா துணிந்தார்.

எனக்கு அந்த ஆவணத்தைப் படிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. அப்பா மூன்று முறை தேநீர் கொண்டுவந்து வைத்தார். ஆங்கிலத்தில் படித்தால் எனக்கு எல்லாம் புரிந்தது; ஒவ்வொரு நாளும் பார்க்கும் சொற்கள்தாம். ஆனால், மாமாவிடம் தமிழில் சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தால் ஒரு சொல்லும் வரவில்லை. அந்தச் சொற்களுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று கண்டுபிடித்தால்தான் தமிழில் சொல்ல முடியும்.

கடைசியில் இப்படிச் சொன்னேன்: "மாமா, ஆறு வீடு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆறு வீட்டுக்கும் நீங்கள் தீக்காப்புறுதி கொடுத்திருக்கிறீர்கள். ஆண்டுதோறும் உங்களுக்கு வந்த ஐந்து விழுக்காட்டில் பெரும்பகுதி அதற்கான கட்டணம்தான். ஆறு வீட்டில் ஏதாவது ஒன்று எரிந்தாலும், நீங்கள் போட்ட ஐம்பதாயிரத்திலிருந்துதான் இழப்பீடு போகும்."

மாமா என்னையே பார்த்தார். "நானா? நான் எங்கம்மா காப்புறுதி குடுத்தேன்? நான் காசு போட்டு வச்சேன்."

ஒரு நிறுவனம் ஐந்தரை ஆண்டுகளுக்குள் நொடித்துப்போகும் வாய்ப்பு நூற்றுக்கு இரண்டுதான் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றோடொன்று தொடர்பில்லாத ஆறு நிறுவனங்கள் என்றால், ஆறும் பிழைத்திருக்கும் வாய்ப்பு 0.98ஐ ஆறு முறை பெருக்கினால் வரும், ஏறத்தாழ 0.89. அதாவது, மாமாவின் முதல் பறிபோகும் வாய்ப்பு நூற்றுக்குப் பதினொன்று. ஆறு பெரிய பெயர்களைப் பார்த்தபோது ஆறு மடங்கு பாதுகாப்பு என்றுதான் அவர் நினைத்தார். பெயர்கள் கூடக் கூட ஆபத்தும் கூடியது. இது உயர்நிலைப் பள்ளி நிகழ்தகவுக் கணக்குத்தான். அந்த ஆவணத்தில் எந்தப் பக்கத்திலும் இந்தக் கணக்கு இல்லை.

இப்படிப் பணம் இழந்தவர்கள் அந்த ஆண்டு சிங்கப்பூரில் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். சனிக்கிழமை மாலைகளில் ஹொங் லிம் பூங்காவில் கூடினார்கள். மாமாவும் ஒருமுறை போய் வந்தார். பின்னர், அவருடைய வயதையும் படிப்பையும் கருத்தில் கொண்டு ஒரு பகுதிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். 2009 ஜூலையில் சிங்கப்பூர் நாணய ஆணையம், இத்தகைய பத்திரங்களை விற்பதற்குப் பத்து நிதி நிறுவனங்களுக்குக் குறிப்பிட்ட காலத்திற்குத் தடை விதித்தது.

அன்று மாலை மாமா போன பிறகு, அப்பா பழைய கேள்வியைக் கேட்கவில்லை. புதிதாக ஒன்று கேட்டார். "ஆபத்தைத் தாங்கக்கூடியவங்ககிட்ட குடுக்கறோம்னு சொன்னியே. இவரு தாங்கக்கூடியவரா?"

மாமாவுக்கு அந்தப் பத்திரத்தை விற்றது எங்கள் வங்கி இல்லை. அதை அப்பாவிடம் சொல்லியிருக்கலாம். அது பதிலாகாது என்று தோன்றியதால் சொல்லவில்லை.

2009இல் வேலையை விட்டேன். மாமாவின் பத்திரம்தான் காரணமா என்று கேட்பவர்களிடம் 'ஆம்' என்று சொல்ல எனக்குத் தயக்கம் உண்டு. வேலை எனக்குப் பிடித்திருந்தது. பிரிவில் பாதிப் பேரை நீக்கினார்கள், என்னை நீக்கவில்லை. ஆனால், அந்த ஒரு மணி நேரம் தமிழில் சொல் தேடியபோது இருந்த விழிப்பு, அலுவலகத்தில் எந்த நாளும் எனக்கு இருந்ததில்லை. தேசியக் கல்விக் கழகத்தில் சேர்ந்து தமிழாசிரியர் ஆனேன். சம்பளம் பாதிக்கும் கீழே போனது.

அப்பா மகிழ்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் கோபப்பட்டார்.

"இப்பத்தான் உனக்கு அந்தக் காகிதத்தைப் படிக்கத் தெரியுது. படிக்கத் தெரிஞ்சவங்க எல்லாரும் வெளிய வந்துட்டா, உள்ள யாரும்மா இருப்பா?"

அப்பா காலமாகி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. அந்தக் கேள்விக்கும் நான் பதில் சொல்லியிருக்கவில்லை.

இப்போது அந்த வேலைக்குப் போக விரும்பும் மாணவர்களைப் பற்றி. நான் அவர்களைத் தடுப்பதில்லை. நிகழ்தகவும் புள்ளியியலும் நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். நிரல் எழுதத் தெரிய வேண்டும். என் காலத்தில் கணக்குத்தாளும் சி பிளஸ் பிளசும் போதும். இன்று பைத்தான் இல்லாமல் நேர்முகத் தேர்வுக்கே போகமுடியாது. சில நிறுவனங்கள் எட்டு நிமிடத்தில் எண்பது மனக்கணக்குக் கொடுக்கின்றன. பகடைக் கேள்விகள் மாறவில்லை. பயிற்சி வேலைக்குப் பல்கலைக்கழக இரண்டாம் ஆண்டிலேயே விண்ணப்பிக்க வேண்டும் என்கிறார்கள். இவற்றையெல்லாம் எங்கே வேண்டுமானாலும் தெரிந்துகொள்ளலாம்.

நான் அவர்களிடம் கேட்பது ஒன்றுதான். நீங்கள் விலை கணக்கிடும் ஒப்பந்தத்தை, கணிதம் தெரியாத உங்கள் தாத்தாவுக்கோ பாட்டிக்கோ ஐந்து வாக்கியத்தில் தமிழில் சொல்ல முடியுமா என்று கேட்பேன். பெரும்பாலோர் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றுவார்கள். நான் பள்ளியில் இருந்தபோது என்னிடம் தமிழ் படித்த மாணவி ஒருவர், சென்ற மாதம் ஐந்து வாக்கியம் எழுதி அனுப்பியிருந்தார். மூன்றாவது வாக்கியத்தில் ஆபத்து யாருடையது என்பது தெளிவாக இல்லை. திருத்தி அனுப்பச் சொன்னேன். இரவு பதினொரு மணிக்குத் திருத்தி அனுப்பினார். இம்முறை தெளிவாக இருந்தது. ஜூலையில் ராஃபிள்ஸ் பிளேசில் வேலைக்குச் சேர்கிறார். முதல் ஆறு மாதங்களுக்கு அவரையும் வணிகப் பொத்தானைத் தொட விடமாட்டார்கள் என்று நினைக்கிறேன்.